ஒட்டுதல் வகை என்பது ராசிபலனா? தொட்டிலிலிருந்து கல்யாணம் வரை: விவாத இழை

#1 தூளி

ஜாதகம் பார்த்த காலம் போய் ரீல்ஸில் இப்போது ‘அட்டாச்மென்ட் ஸ்டைல்’, அதாவது ஒட்டுதல் வகை, பார்க்கிறார்கள். பத்துக் கேள்வி, நாலு பெட்டி. நீங்கள் ‘ஆங்ஷியஸ்’ (பதறுபவர்), வீட்டுக்காரர் ‘அவாய்டன்ட்’ (தவிர்ப்பவர்), பொருத்தம் சரியில்லை, கதை முடிந்தது. இதற்குப் பின்னால் இருக்கும் ஒட்டுதல் கோட்பாடு உண்மையில் எதை அளக்கிறது, எப்படி அளக்கிறது, எது மாறும், எது எளிதில் மாறாது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதத்தான் இந்த இழை. சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாடநூலில் ‘பிணைப்பு’, ‘பற்றுறவு’ என்று போடுகிறார்கள். வீட்டில் நாம் சொல்வது ‘ஒட்டுதல்’. “புள்ள பாட்டிகிட்டதான் ஒட்டுது” என்போம். “அவன் யாருகிட்டயும் ஒட்டமாட்டான்” என்றும் சொல்வோம். முதலாவது ஓர் உறவைப் பற்றிய பேச்சு, இரண்டாவது ஓர் ஆளின் குணத்தைப் பற்றியது. குழந்தை ஆய்வுகள் அளந்தது முதலாவதை. ரீல்ஸ் விற்பது இரண்டாவதை. பாதிக் குழப்பம் இங்கேயே வந்துவிடுகிறது.

லண்டன் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி (1907–1990) சொன்னது இதுதான்: குழந்தை ஒருவரோடு ஒட்டுவது பாலுக்காக மட்டுமில்லை, பயந்தால் ஓடிப்போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. தவழும் குழந்தையைப் பாருங்கள். மடியை விட்டு இறங்கிப் போகும், பாதியில் திரும்பிப் பார்க்கும், வந்து முழங்காலைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். பயம் வந்தால் நேராக மடி. 6, 7 மாதத்துக்கு மேல் இது தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். “நான் அழுதா இவங்க என்ன செய்வாங்க?” என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான தடவை பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலுக்கு ஏற்றபடி குழந்தை தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ‘வகை’ என்பது அந்தப் பழக்கத்தின் பெயர்.

#2 கடைசிபெஞ்ச்

நல்ல ஆரம்பம். ஆனா ஒரு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஒரு வயசுப் புள்ளகிட்ட படிவம் குடுத்து நிரப்பச் சொல்ல முடியாதே. அம்மா போனதும் அழுதா பாதுகாப்பு, அழலைன்னா பிரச்சினைன்னு எங்கயோ படிச்சேன். சரியா?

#3 பாலர்மனம்

சரியில்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகப் பரவிய தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

பவுல்பியோடு வேலை செய்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தார். குழந்தைக்கு 3 வாரம் ஆனதிலிருந்து 54 வாரம் வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம். ஆக, ஒரு குடும்பத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல். அதன் முடிவில் செய்ததுதான் எல்லோரும் பேசும் 20 நிமிடச் சோதனை. பலர் 20 நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 70 மணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

சோதனை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு. ஓர் அறை, இரண்டு நாற்காலி, தரையில் பொம்மைகள். எட்டுக் காட்சிகள். முதலாவது ஒரு நிமிடம்கூட இல்லை, மற்றவை மும்மூன்று நிமிடம். அம்மாவும் குழந்தையும் உள்ளே வருவார்கள். அம்மா உட்கார்ந்திருப்பார், தானாக விளையாட்டை ஆரம்பிக்கக் கூடாது. அறிமுகமில்லாத பெண் ஒருவர் வருவார்: ஒரு நிமிடம் சும்மா இருப்பார், ஒரு நிமிடம் அம்மாவிடம் பேசுவார், ஒரு நிமிடம் குழந்தையிடம். அம்மா வெளியே போவார், திரும்பி வருவார். மறுபடி போவார், இந்த முறை குழந்தை தனியாக. முதலில் அந்தப் பெண் வருவார், பிறகு அம்மா. குழந்தை ரொம்ப அழுதால் பிரிவுக் காட்சியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் போடுவது பெரும்பாலும் அம்மா திரும்பி வரும் இரண்டு காட்சிகளை வைத்துத்தான். நாலு அளவுகோல், ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை: பக்கத்தில் போகிறதா, கிடைத்த அணைப்பை விடாமல் பிடிக்கிறதா, விலகுகிறதா, கோபித்து முரண்டுகிறதா. போகும்போது அழுதது எவ்வளவு என்பது குழந்தையின் சுபாவத்தையும் அன்றைய தூக்கத்தையும் பொறுத்தது. திரும்பி வந்ததும் அந்த அழுகை அடங்கி, இறங்கி மறுபடி பொம்மைக்குப் போகிறதா என்பதுதான் விஷயம்.

பாதுகாப்பான ஒட்டுதல்: அழுதிருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராக வரும் அல்லது கண்ணைப் பார்த்துச் சிரிக்கும், தேறும், விளையாடப் போகும்.

முரண்டும் ஒட்டுதல்: தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் காலைக் கட்டும். மூன்று நிமிடம் முடிந்தாலும் தேறாது.

தவிர்க்கும் ஒட்டுதலைப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும். கதவு திறக்கிறது. குழந்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறது. அடுத்த கணம் தலை கையிலிருக்கும் லாரி பொம்மைக்குத் திரும்பிவிடும். சக்கரத்தை ஒரு விரலால் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. லாரி எங்கேயும் போகவில்லை, விளையாட்டு நின்றுவிட்டது, கை மட்டும் வேலை செய்கிறது. “என்ன சமத்துப் புள்ள!” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். 1977இல் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை எடுத்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாத நேரத்தில் துடிப்பு ஏறியிருந்தது. தேவை இல்லாமல் போகவில்லை, காட்டினால் பலன் இல்லை என்று மடக்கி வைத்திருக்கிறது.

#4 எண்கணக்கு

எண்களைச் சேர்க்கிறேன்.

1988இல் வான் ஐசென்டோர்னும் குரோனென்பர்க்கும் 8 நாடுகளிலிருந்து 32 ஆய்வுகளை, சுமார் 2,000 குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பானது 65 சதவீதம், தவிர்ப்பது 21, முரண்டுவது 14. நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு ஒன்றரை மடங்கு. ஆகவே “ஜெர்மன் அம்மா இப்படி, ஜப்பான் அம்மா அப்படி” என்று எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

அம்மாவின் நடத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது? 1997இல் டி வுல்ஃபும் வான் ஐசென்டோர்னும் 66 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதற்கும் பாதுகாப்பான ஒட்டுதலுக்கும் இருந்த தொடர்பு 0.24 (முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0). உண்டு, ஆனால் நடுத்தரம். இன்னொன்று: அம்மாவோடு ஒரு வகை, அப்பாவோடு வேறு வகை என்று ஒரே குழந்தைக்கு இருக்கலாம், அடிக்கடி இருக்கிறது. ‘இவள் தவிர்க்கும் குழந்தை’ என்று ஒரு வயதில் சொல்வதே தவறு. ‘இவரோடு தவிர்க்கிறாள்’ என்பது வரைதான் சொல்லலாம்.

#5 வேப்பம்பூ

‘குறிப்பறிந்து நடப்பது’ எண்டு சொல்லேக்க, ஒவ்வொரு முறையும் சரியாய்ச் செய்ய வேணுமோ? இங்கத்தைய தாய்மார் குழுக்களிலை இதை வாசிச்சிட்டுக் குற்ற உணர்ச்சியிலை கிடக்கிறவை கனபேர்.

#6 பாலர்மனம்

இல்லை. எய்ன்ஸ்வொர்த் அதை நாலாகப் பிரித்தார்: குறிப்பைக் கவனிப்பது, சரியாகப் புரிந்துகொள்வது, தாமதிக்காமல் பதில் தருவது, பொருத்தமான பதில் தருவது. வீட்டில் பெரும்பாலும் தவறுவது இரண்டாவது. குழந்தை முகத்தைத் திருப்பும். ‘போதும், கொஞ்சம் விடு’ என்று அர்த்தம். நாம் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி இன்னொரு வாய் ஊட்டுவோம், அல்லது இன்னும் பலமாகக் கிலுகிலுப்பை ஆட்டுவோம்.

அமெரிக்க உளவியலாளர் எட் ட்ரோனிக்கின் ஆய்வுகளில், நன்றாகப் போகிற சாதாரண விளையாட்டிலேயே தாயும் சேயும் இசைந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரம் தவறுவதும் சரிசெய்வதுமாகப் போகிறது. குழந்தை கற்பது அந்தச் சரிசெய்தலை. 4 மாதக் குழந்தைகளோடு நடந்த ஆய்வில், தாயின் குரல் குழந்தையின் குரலோடு இம்மியும் பிசகாமல் ஒட்டி ஓடிய ஜோடிகளைவிட நடுத்தரமாக ஒட்டிய ஜோடிகளே ஒரு வயதில் பாதுகாப்பாக இருந்தார்கள். ஒவ்வொரு சிணுங்கலுக்கும் பாய்ந்து ஓடுவது பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

பக்கவாட்டில் ஒன்று: நாள் முழுக்கத் துணியில் கட்டிச் சுமப்பது, கூடவே படுப்பது, மூன்று வயது வரை தாய்ப்பால் என்று ‘அட்டாச்மென்ட் பேரன்டிங்’ என்ற பெயரில் வருவது வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பரப்பிய வளர்ப்பு முறை. பெயர் ஒற்றுமையால் பவுல்பி சொன்னதாக நினைத்துக்கொள்கிறார்கள். பால் புட்டியா மார்பா என்பதை வைத்து ஒட்டுதல் வகை தீர்மானமாவதில்லை.

#7 மருதாணி

நாலாவது வகையை விட்டுவிட்டீர்கள், அதைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. மூன்று பெட்டியிலும் அடங்காத குழந்தைகளை மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1986இல் தனியாகப் பிரித்தார்கள்: சிதறிய ஒட்டுதல். அம்மாவை நோக்கி வரும், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரும். பாதி வழியில் கை காற்றில் நிற்க உறைந்துவிடும். கதவு திறந்ததும் கையால் வாயை மூடிக்கொள்ளும். ஓடிப்போய் ஒளிய வேண்டிய இடமும் பயமுறுத்தும் இடமும் ஒன்றாக இருந்தால் உடம்புக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் “உறைந்து நின்றது, ஆகவே வீட்டில் வன்முறை” என்று முடிவுகட்டுகிறார்கள். 2017இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் 40 பேருக்கு மேல் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதியதே இதைத் தடுக்கத்தான். குழந்தையை யாரிடம் விடுவது என்ற வழக்கிலோ துன்புறுத்தலுக்குச் சான்றாகவோ தனி ஒரு குழந்தையின் சிதறிய வகையைக் காட்டக் கூடாது. அடி உதை இல்லாமலும் இது வரும். இழப்பிலிருந்து மீளாத பெற்றோர், அடிக்கடி நேரும் நீண்ட பிரிவுகள், சோதனையையே குழந்தையால் தாங்க முடியாமல் போவது எல்லாம் காரணமாகலாம். சிதறிய ஒட்டுதல் ஒரு நோயும் இல்லை. மருத்துவக் கையேட்டில் இருக்கும் ஒட்டுதல் கோளாறு வேறு, அரிது, கடும் புறக்கணிப்பில் வளர்ந்த குழந்தைகளிடம் காணப்படுவது.

#8 கடைசிபெஞ்ச்

எல்லாம் ஓகே. ஆனா இது முழுக்க ஒரு அம்மா, ஒரு புள்ள, மூடின ரூமு. நம்ம வீட்டுல புள்ளைய எறக்கி விடவே ஆள் விடமாட்டாங்க. அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கான்னு இடுப்பு மாறிக்கிட்டே இருக்கும். இந்தக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

#9 தூளி

நியாயமான கேள்வி. ஆனால் எய்ன்ஸ்வொர்த் முதலில் பார்த்தது பால்டிமோரை இல்லை, உகாண்டாவை. 1954–55இல் கம்பாலா பக்கம் கண்டா மக்களின் கிராமங்களில் 26 குடும்பங்கள். பல பேர் தூக்கி வளர்த்த குழந்தைகள். அங்கேயும் குழந்தை பலரோடு ஒட்டியது, ஆனால் வரிசை வைத்திருந்தது. விளையாட யாரும் சரி. காய்ச்சல் என்றால், தூக்கம் வந்தால், அடிபட்டால் யாரிடம் போகிறது என்று பாருங்கள், வரிசை தெரிந்துவிடும். நம் கூட்டுக் குடும்பத்திலும் அதே கதைதான்.

சோதனை பொருந்தாத இடமும் உண்டு. ஜப்பானில் சப்போரோவில் செய்தபோது முரண்டும் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகம், தவிர்ப்பவை ஏறக்குறைய இல்லவே இல்லை. அங்கே ஒரு வயதுக் குழந்தையை அறையில் தனியாக விட்டுப் போவது நடைமுறையிலேயே கிடையாது. மற்றக் குழந்தைக்கு லேசான பதற்றம் தந்த மூன்று நிமிடம் இவர்களைக் கலங்கடித்தது. நம் ஊரிலும் அதே அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் முரண்டும் வகை உப்பிவிடும் என்பது என் கணிப்பு.

இஸ்ரேலில் கிப்புட்ஸ் எனும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வும் நமக்கு முக்கியம். பகலில் இரண்டு வகைக் கிப்புட்ஸிலும் ஒரே மாதிரிக் காப்பகம். வேறுபாடு இரவில்தான்: ஒன்றில் வீட்டுக்கு வந்து தூங்கினார்கள், மற்றதில் பொதுக் கூடத்தில், கண்காணிக்கச் சுழற்சி முறையில் வரும் ஆட்களோடு. பாதுகாப்பான ஒட்டுதல் முதலாவதில் 80 சதவீதம், இரண்டாவதில் 48. கை பல இருப்பதால் பாதிப்பில்லை. நடுராத்திரி விழித்து அழும்போது தெரிந்த கை வருகிறதா என்பது கணக்கு.

#10 எண்கணக்கு

பகல் காப்பகத்துக்கும் ஒரு வரி. அமெரிக்காவில் 10 இடங்களில் 1,364 குழந்தைகளோடு 1991இல் ஆரம்பித்த பெரிய ஆய்வில், காப்பகத்துக்குப் போவது மட்டுமே ஒட்டுதலைக் கெடுக்கவில்லை. வீட்டிலும் குறிப்பறிதல் குறைவு, காப்பகமும் தரமில்லை அல்லது அடிக்கடி மாறுகிறது அல்லது நேரம் அதிகம் என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் பாதித்தது.

#11 திண்ணைவாசி

நம்ம பக்கம் ரொம்ப நடக்குறது ஒண்ணு கேக்குறேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, ஆறாம் மாசமே புள்ளைய ஊர்ல அம்மாச்சிகிட்ட விட்டுட்டு, ரெண்டு ரெண்டரை வயசுல பிளேஸ்கூல் சேர்க்கணும்னு சென்னைக்கோ பெங்களூருக்கோ கூட்டியாருவாங்க. ஒட்டுதல் கணக்குப்படி இத எப்பிடிச் செய்யணும்? எங்க சொதப்புவாங்க?

#12 பாலர்மனம்

முதலில் தெளிவாக ஒன்று. அம்மாச்சியோடு பாதுகாப்பாக ஒட்டிய குழந்தைக்கு ஒட்டத் தெரியும். அது பெரிய சொத்து. பெற்றவர்களுக்கு இது ‘வீடு திரும்பும்’ நாள், குழந்தைக்கோ ‘வீட்டை இழக்கும்’ நாள். இந்தக் கோணத்தை மாற்றாமல் மற்ற எதைச் செய்தாலும் தவறும்.

பவுல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸ் ராபர்ட்சனும் லண்டனில் எடுத்த ஆவணப் படங்களில் ஒன்று 17 மாத ஜானைப் பற்றியது. அம்மா பிரசவத்துக்குப் போனதால் 9 நாள் குழந்தைகள் இல்லத்தில் இருந்தான். செவிலியர்கள் நல்லவர்கள், ஆனால் முறை மாறிக்கொண்டே இருந்தது. அவன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்தான், பிறகு பெரிய கரடி பொம்மையோடு சுருண்டான், கடைசியில் அம்மா வந்தபோது அவரிடமிருந்தே திமிறினான். அதே தம்பதி வேறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பழக்கி, அம்மாவைப் பற்றிப் பேசி, ஒரே ஆள் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் வருந்தினார்கள், உடைந்துபோகவில்லை. வேறுபாடு முழுக்கச் செய்முறையில்.

அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால்:

பெற்றவர்களில் ஒருவராவது 7 முதல் 10 நாள் ஊருக்குப் போய்த் தங்க வேண்டும். வந்த அன்றே தூக்கிக் கொஞ்ச வேண்டாம். தரையில் உட்காருங்கள், குழந்தை வரட்டும். வேலைகளை ஒவ்வொன்றாகக் கை மாற்றுங்கள்: முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு, பிறகு குளியல், கடைசியாகத் தூக்கம். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நாள் அம்மாச்சி அதே அறையில் இருக்கட்டும், அடுத்து அடுப்படியில், அப்புறம் வாசலில். தூக்கத்தை அவசரப்பட்டு முதலில் எடுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். இருட்டில் பயம் கூடும், பழைய ஆளைத்தான் தேடும்.

பிறகு அம்மாச்சியும் கூடவே நகரத்துக்கு வரட்டும், மூன்று நாலு வாரம். அதே தூளி, அதே தட்டு, துவைக்காத பழைய சேலை ஒன்று. வாசனைக்குத்தான், அதனால் துவைக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் சுத்தம் பார்த்து முதல் நாளே துவைத்துவிடுவார்கள்.

அம்மாச்சி கிளம்பும்போது குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போய்விட்டுக் கண்மறைவாக அனுப்புவதுதான் மிகப் பெரிய தப்பு. அன்றைய அழுகை தவிரும். ஆனால் ‘கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போவார்கள்’ என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும். பிறகு நீங்கள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும். சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டு, அழுவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். “நாளைக்கு வந்துருவாங்க” என்ற பொய்யும் கூடாது.

அடுத்த சொதப்பல், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்குவது: இட மாற்றம், பிளேஸ்கூல், டயப்பரை நிறுத்துவது, பால் புட்டியை விடுவது. ஒன்று முடிந்து குழந்தை தேறிய பிறகு அடுத்தது. பிளேஸ்கூலுக்கு 6 முதல் 8 வாரமாவது இடைவெளி வையுங்கள்.

#13 மருதாணி

பாலர்மனம் சொன்னதோடு: முதல் வாரம் அழுது, இரண்டாம் வாரம் அமைதியாகி “பழகிட்டான்” என்று சந்தோஷப்படும் கட்டம் உண்டு. அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். ராபர்ட்சன் விவரித்த வரிசை எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல். உண்மையாகவே தேறிய குழந்தை விளையாடும், குறும்பு செய்யும், விழுந்தால் உங்களிடம் வரும். மூடிக்கொண்ட குழந்தை சொன்னதைச் செய்யும், விழுந்தால் தானே எழுந்து துடைத்துக்கொள்ளும். அப்படியானால் அழச்சொல்லித் தூண்ட வேண்டாம். அடிபட்டபோது அது வராவிட்டாலும் நீங்கள் போங்கள். தேவையைக் காட்டாத குழந்தைக்கும் தேவை உண்டு என்ற கணக்கில் நடக்க வேண்டும்.

அம்மாச்சியை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். அந்த இடத்தில் வரும் வலி பெரியவர்களுடையது.

ஒரு மாதத்துக்கு மேலும் யாரையும் தேடாமல் இருப்பது, தெரியாத ஆள் கையைப் பிடித்துக்கொண்டு தயங்காமல் போவது, எடை இறங்குவது, வந்த பேச்சு நின்றுபோவது, இவை இருந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒட்டுதல் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. காது கேட்பது, ஆட்டிசம் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

#14 வேப்பம்பூ

இலங்கையிலை இது இன்னொரு மாதிரி. தாய் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்கு ரெண்டு வருச ஒப்பந்தத்திலை போறது. 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தால் போகேலாது எண்டு 2013இலை குடும்பப் பின்னணி அறிக்கை எண்டொண்டு கொண்டுவந்தவை, 2022இலை தளர்த்தினவை. அது வீட்டுப் பொருளாதாரத்தைப் பாக்காமல் தாயை மட்டும் கட்டிப்போட்ட சட்டம் எண்டது என்ரை அபிப்பிராயம். போனவை திரும்பி வரேக்கை பிள்ளை அம்மம்மாவுக்குப் பின்னாலை ஒளிக்கும். பொம்மையும் சொக்கலேட்டும் குடுத்து ஒரே நாளிலை வாங்கப் பாக்கக்கூடாது. 12இலை சொன்ன ஒழுங்குதான், ஆனால் இன்னும் ஆறுதலாய்.

கேள்வி: குழந்தையிலை இருந்தது பெரிய ஆளாகினாப் பிறகும் அப்பிடியே இருக்குமோ?

#15 எண்கணக்கு

சுருக்கமாக: ஓரளவு, நாம் நினைப்பதைவிடக் குறைவாக.

வாட்டர்ஸ் குழு ஒரு வயதில் பார்த்த 60 பேரில் 50 பேரை 20 வருடம் கழித்து மறுபடி பார்த்தது. முடிவு 2000இல் வந்தது. பாதுகாப்பா இல்லையா என்ற அளவில் 72 சதவீதம் பேர் மாறவில்லை. மாறியவர்களைக் கவனியுங்கள்: பெற்றோர் மரணம், மணமுறிவு, கடும் நோய், துன்புறுத்தல் போன்ற பெரிய சம்பவம் நடந்த குடும்பங்களில் 44 சதவீதம் மாறினார்கள், அப்படி நடக்காதவற்றில் 22. இது பெரும்பாலும் நடுத்தர வர்க்கக் குழு. வறுமையில் இருந்த தாய்மாரோடு மினசோட்டாவில் 1970களில் தொடங்கிய நீண்ட ஆய்வில் 19 வயதில் தொடர்ச்சி ஏறக்குறையத் தெரியவே இல்லை. வாழ்க்கை நிலையாக இருந்தால் ஒட்டுதலும் நிலைக்கிறது என்று வாசிப்பதுதான் சரி.

மறுபக்கம் புக்கரெஸ்ட் ஆய்வு. ருமேனிய அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் சீட்டுக் குலுக்கல் போல வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 42 மாதத்தில் பாதுகாப்பான ஒட்டுதல்: வளர்ப்புக் குடும்பத்தில் 49 சதவீதம், மற்ற குழுவில் 18. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆக, சீக்கிரம் நல்லது, தாமதமானாலும் வீணில்லை.

பெரியவர்களை அளப்பதில்தான் ரீல்ஸ் தடுக்கி விழுகிறது. இரண்டு வேறு கருவிகள் இருக்கின்றன. ஒன்று 36 வாக்கியப் படிவம், 1998இல் பிரென்னன், கிளார்க், ஷேவர் செய்தது. 18 வாக்கியம் ‘விட்டுவிடுவார்களோ’ என்ற பதற்றத்துக்கு, 18 நெருக்கத்தைத் தவிர்ப்பதற்கு. கிடைப்பது இரண்டு எண்கள், அவ்வளவுதான். பெட்டி கிடையாது. உயரத்தை ‘குள்ளம், நெட்டை’ என்று இரண்டே பெட்டியில் போடுவது போல அதைப் பெட்டியாக்குகிறார்கள். மற்றது ஒரு மணி நேர நேர்காணல். இரண்டும் ஒரே பெயரில் உலவினாலும், 2007இல் ரோய்ஸ்மன் குழு தொகுத்துப் பார்த்தபோது அவற்றுக்கிடையே இருந்த தொடர்பு 0.09. ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

#16 நடுநிசி

அந்த நேர்காணல் என் பேட்டை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஜார்ஜ், கப்லன், மெய்ன் மூவரும் பெர்க்லியில் 1980களில் உருவாக்கியது. சுமார் 20 கேள்வி. முக்கியமானது: “சின்ன வயதில் உங்களுக்கும் அம்மாவுக்கும் இருந்த உறவைச் சொல்லும் ஐந்து சொற்கள் தாருங்கள்.” பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும், “அதைக் காட்டும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்.” மதிப்பெண் குழந்தைப் பருவம் நன்றாக இருந்ததா என்பதற்கு இல்லை. சொல்லும் விதம் ஒழுங்காக, உண்மையாக, கேட்டதற்குத் தக்க அளவில் இருக்கிறதா என்பதற்கு.

நானே புனைந்த மூன்று மாதிரிகள். சொல்: ‘அன்பானவர்’.

ஒருவர்: “அன்புன்னா... எல்லா அம்மா மாதிரியும்தான். டிபன் கட்டித் தருவாங்க. இல்ல, அது ஆயா. ஞாபகம் இல்ல, ஆனா ரொம்ப அன்பு.” சொல் இருக்கிறது, சம்பவம் இல்லை. தள்ளிவைக்கும் நிலை.

இன்னொருவர்: “அன்பா? அக்காகிட்டதான் அன்பு. போன வாரம்கூட போன் பண்ணி, ‘நீ எப்பவும் இப்படித்தான்’னு... நான் என்னம்மா பண்ணேன் உனக்கு?” கேட்டது சின்ன வயதை, வந்தது போன வாரம், கடைசியில் எதிரில் இல்லாத அம்மாவோடு நேரடிச் சண்டை. சிக்கிக்கொண்ட நிலை.

மூன்றாமவர்: “அம்மா கண்டிப்புதான். ஆனா அம்மை போட்டப்போ வேப்பிலை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க விசிறிட்டே இருந்தாங்க. மத்தபடி கொஞ்சினதா நினைவில்ல. அப்போ கோவமா இருக்கும். நாலு புள்ளைய வெச்சுக்கிட்டு அவங்களும் என்ன பண்ணுவாங்க.” கண்டிப்பும் அணைப்பும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பாதுகாப்பான நிலை, பால்யம் கடினமாக இருந்தும்.

தமிழில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு கண்ணி: “அம்மா தெய்வம்” என்பது நம்மிடம் மரியாதைப் பேச்சு. அந்தச் சொல் வந்ததுமே ‘மிகையாகப் புகழ்கிறார்’ என்று குறிக்கக் கூடாது. அடுத்து சம்பவம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். வந்தால் தெய்வமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கு மதிப்பெண் போட இரண்டு வாரப் பயிற்சியும் அதன்பின் தேர்ச்சி சோதனையும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பரிமாறிக்கொள்ளும் விளையாட்டு இல்லை.

#17 கடைசிபெஞ்ச்

அப்போ புருஷன் பொண்டாட்டி விஷயத்துல இது எங்க வருது? அதச் சொல்லாம முடிச்சா எப்படி.

#18 நடுநிசி

நெருக்கடியில் வருகிறது. சும்மா இருக்கும்போது யாரும் யாரையும் தவிர்ப்பதாகத் தெரியாது. 1992இல் சிம்ப்சன் குழு 83 காதல் ஜோடிகளை வைத்து ஒன்று செய்தது. பெண்ணிடம் மட்டும் சற்று நேரத்தில் பயம் தரும் ஒரு சோதனை நடக்கப் போகிறது என்று சொல்லி, ஒரு இருட்டறையையும் கருவிகளையும் காட்டிவிட்டு, காதலனோடு ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். பாதுகாப்பான பெண்கள் பயம் கூடக்கூட அதிகமாக ஆதரவு தேடினார்கள். தவிர்ப்பவர்கள் பயம் கூடக்கூடக் குறைவாகத் தேடினார்கள். 3ஆம் பதிவில் வந்த லாரி பொம்மைதான், கையில் இப்போது வார இதழ்.

வீட்டில் இது துரத்துவதும் ஒளிவதுமாக மாறும். ஒருவர் “பேசு, இப்பவே பேசு” என்பார். மற்றவர் போனுக்குள் போவார். இவர் குரல் ஏறும், அவர் வெளியே கிளம்புவார். துரத்துபவருக்கு மௌனம் ‘விட்டுப்போகிறார்’ என்று கேட்கிறது, ஒளிபவருக்குக் குரல் ‘எது செய்தாலும் தப்பு’ என்று கேட்கிறது. சூ ஜான்சன் வளர்த்தெடுத்த தம்பதியர் சிகிச்சை இந்தச் சுற்றைத்தான் உடைக்கப் பார்க்கிறது, வழக்கமாக 8 முதல் 20 அமர்வு.

வீட்டளவில் செய்யக்கூடியது: விலகத் தேவைப்படுபவர் விலகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தை அவரே சொல்ல வேண்டும். “எட்டரைக்கு வரேன், மொட்டை மாடில பேசலாம்.” 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, உடம்பு அடங்க அவ்வளவாவது ஆகும். அன்றிரவைத் தாண்டவும் கூடாது. எட்டரைக்கு அவர் தானாக வந்தால், துரத்துபவரின் உடம்பு அதைக் குறித்துக்கொள்கிறது. கூப்பிட்ட பிறகு வந்தால் பலன் பாதி. பதினைந்து தடவை ஒழுங்காக நடந்து பதினாறாவது தடவை தவறினால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம், ஆனால் தவறியதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். அடிதடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு.

#19 மருதாணி

பெற்றவர்கள் மாற வேண்டும் என்றால் என்ன செய்வார்கள் என்பதையும் போட்டுவிடுகிறேன். நெதர்லாந்தின் லைடனில் உருவான வீடியோ முறை: ஆறு வீட்டு வருகை. குழந்தையும் பெரியவரும் விளையாடுவது, சாப்பிடுவது என்று 10 முதல் 30 நிமிடம் படம் பிடிப்பார்கள். அடுத்த வருகையில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். குழந்தையின் குறிப்பு, பெரியவரின் பதில், அதற்குக் குழந்தையின் முகம், இந்த மூன்றும் சேர்ந்த ஒரு கண்ணியைப் பிடிப்பார்கள். குழந்தை சார்பாகப் பேசுவார்கள்: “பாருங்க, ‘அம்மா பாத்துட்டாங்க’ன்னு சிரிக்கிறா.” குறை சொல்வது இல்லை. படம் எடுக்கும்போது இருவர் முகமும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும், குழந்தையை மட்டும் எடுத்தால் பயனில்லை.

அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியரின் முறையில் பத்து வார வருகை, வீடியோவைவிட அந்த நொடியிலேயே சொல்வது முக்கியம். பயிற்றுநர் நிமிடத்துக்கு ஒன்றாவது சொல்ல வேண்டும்: “அவன் கையை நீட்டினான், நீங்க உடனே குனிஞ்சீங்க.” ஆபத்து நிலையில் இருந்த குடும்பங்களில் சிதறிய ஒட்டுதல் இந்தக் குழுவில் 32 சதவீதம், வேறு பயிற்சி பெற்ற குழுவில் 57.

சுவாரசியம் என்னவென்றால், 2003இல் 70 ஆய்வுகளைத் தொகுத்தபோது 16 அமர்வுக்குக் குறைந்த திட்டங்களே நன்றாக வேலை செய்தன. நீளமாக இழுத்து எல்லாவற்றையும் பேசும் திட்டங்கள் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. நம் ஊர்ப் பயிற்சிகளில் பவர்பாயின்ட் போட்டு இரண்டு நாள் வகுப்பெடுப்பதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

#20 திண்ணைவாசி

12க்கு ஒரு துணைக்கேள்வி. அம்மாச்சி ஊருக்குப் போனப்புறம் வீடியோ கால் போடலாமா? புள்ள பாத்ததும் அழுவுதுன்னு நிறுத்திர்றாங்க.

#21 பாலர்மனம்

நிறுத்த வேண்டாம். தினம் ஒரே நேரம், சாயங்காலம் விளையாடி முடித்த பிறகு. தூங்கப் போகும் முன் வேண்டாம். 5 நிமிடம் போதும். குழந்தை போனைத் தள்ளிவிட்டு ஓடினால் ஓடட்டும், பிடித்துவந்து “ஹலோ சொல்லு” என்று உட்கார வைக்காதீர்கள். போன் தரையில் கிடக்கட்டும். அம்மாச்சி அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டே வழக்கமான பாட்டைப் பாடட்டும். குழந்தை சுற்றி விளையாடிக்கொண்டே கேட்கும். அழுதால் அழைப்பைத் துண்டிக்காமல் மடியில் எடுத்துக்கொண்டு, “அம்மாச்சிய தேடுதா” என்று சொல்லுங்கள். அந்த அழுகையோடு உங்கள் தோளுக்கு வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.